நுஸ்ரியா யோசிக்கிறார்

ஒக்டோபர் 2, வியாழன்

மறைபரப்பு மாதம். கோயிலில் புதுக் குழு. நாங்கள் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு பிற சமய வீடு, ஆளுக்கு ஒரு படிவம். தலைவர் சுபாஸ் கொழும்பில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவர். அன்றிலிருந்து அப்போஸ்தலர் மாதிரித்தான் நடக்கிறார்.

எனக்கு விழுந்தது பக்கத்து வீடு. நுஸ்ரியா. பதினான்கு வருடமாக வேலிக்கு மேலால் கதைக்கிறோம், இயேசுவைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கே தொடங்குவது? மீன் விலை கேட்பதற்கு முன்பா, பிறகா?

ஒக்டோபர் 4, சனி

போனேன். றால் குழம்பில் தொடங்கிய கதை றால் குழம்பிலேயே முடிந்தது. எழும்பும்போது பையிலிருந்து படிவம் விழ, நுஸ்ரியா எடுத்து வாசித்தாள். மூன்று கட்டங்கள்: ஏற்றுக்கொண்டார், யோசிக்கிறார், மறுத்தார்.

"மறுத்தார் எண்டு போடுங்கோ அக்கா."

"போட்டால் வேற ஆளை அனுப்புவினம். சுபாஸே வருவார்."

பயந்துவிட்டாள். "அப்ப யோசிக்கிறார் எண்டு போடுங்கோ. நான் எந்த நேரமும் ஏதாவது யோசிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

போட்டேன். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இருபது வருடம் கந்தோரில் படிவம் நிரப்புகிற கிளாக் வேலை. வெறும் கட்டம் கண்டால் என் கை சும்மா இராது. 'மிகுந்த ஆர்வத்துடன் கேட்டார்' என்று எழுதினேன். கேட்டாள்தானே, றால் குழம்புக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்று.

ஒக்டோபர் 8, புதன்

ஒன்பது படிவத்தில் 'யோசிக்கிறார்' என்னுடையது மட்டும்தான். சுபாஸ் எழும்பி நின்று கைதட்டினார். வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசையில் மன்றாட்டு வாசித்தது சுபாஸ். "சத்திய வழியை நாடி நிற்கும் எங்கள் சகோதரி நுஸ்ரியாவுக்காக." பெயரோடு! ஸ்பீக்கர் கட்டியிருப்பது கோபுரத்தில். பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் கழுதைகளுக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. கேட்டருளிவிட்டால் என்ன செய்வது?

ஒக்டோபர் 13, திங்கள்

நுஸ்ரியா பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். பதினொரு பேர். இன்று மூன்று பேர்தான் வந்தார்கள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை.

அவளுடைய மாமியார் சித்தி மரியம் கொண்டச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். உண்மை தெரியாமல் எழும்ப மாட்டாராம். அந்த நேரம் பார்த்து எங்கள் குழுத் திரேசம்மா, 'புதுச் சகோதரிக்கு' என்று கேக்கும் செபமாலையும் கொண்டு போய் நின்றார். சித்தி மரியம் செபமாலையைத் திருப்பிக் கொடுத்தார். கேக்கை வைத்துக்கொண்டார்.

பிறகு நுஸ்ரியா வேலியடிக்கு வந்தாள். "இந்தப் பிள்ளையளுக்கு ஓதிக் குடுக்கிறதுதான் அக்கா எனக்கு எல்லாம்." அவ்வளவுதான். போய்விட்டாள். ஏசியிருக்கலாம். ஐயோ, என்ன வேலை செய்துபோட்டன் நான்.

ஒக்டோபர் 16, வியாழன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பங்குச் சுவாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிறு அவரே திருத்திச் சொல்லுவார் என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி செத்தாலும் வெளியில் சொல்லக் கூடாது. இதைத் திருத்தக்கூடிய ஒரே ஆளின் வாயை நானே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

சுவாமியின் கந்தோருக்குப் போய், அதே கதையை முதல் தரம் சொல்வதுபோலச் சொன்னேன். அவரும் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்டார். றால் குழம்பு வந்த இடத்தில் "அப்பிடியோ" என்றுகூட ஆச்சரியப்பட்டார்.

"பிழை ஸ்பீக்கரில போனது, மாக்கிறட். திருத்தமும் அதிலதான் போகவேணும். நீங்கள்தான் சொல்லவேணும்."

ஒக்டோபர் 18, சனி

நாளைக்குச் சொல்லவேண்டியதை எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன்.

ஒக்டோபர் 19, மறைபரப்பு ஞாயிறு

சுவாமி கூப்பிட்டார். நான் அனுபவம் சொல்லப் போகிறேன் என்று நினைத்து சுபாஸே மைக்கை என் உயரத்துக்கு இறக்கித் தந்தார்.

"நுஸ்ரியா வேதம் மாற யோசிக்கேல்லை. அவ நல்ல முஸ்லிம். எங்கட வேதத்தைப் பற்றி நான் அவவிட்ட ஒண்டும் சொன்னதில்லை. பொய் எழுதினன். எட்டாம் கட்டளையை மீறினது நான். அவவிட்டயும், அந்தப் பிள்ளையளின்ர தாய் தகப்பனிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்."

சுபாஸ் பழக்கதோசத்தில் கைதட்டத் தொடங்கி இடையில் நிறுத்தினார்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

நான்கு பிள்ளைகள். வேலிக்குள்ளால் எண்ணினேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

ஒன்பது. சித்தி மரியம் கொண்டச்சிக்குப் போய்விட்டார். நுஸ்ரியா இன்னும் முகம் கொடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய்?

ஒக்டோபர் 25, சனி

நுஸ்ரியாவும் புருசன் சாஹுல் ஹமீட் நானாவும் முன்வாசலால் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார்கள். பிறகு நுஸ்ரியா கேட்டாள்:

"எட்டாம் கட்டளை எண்டு சொன்னீங்கள். அது என்ன அக்கா?"

"அயலவருக்கு எதிராப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது."

"அதுக்காகவோ அவ்வளவு சனத்துக்கு முன்னால போய் நிண்டனீங்கள்?"

"ஓம்."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்கு முந்தின ஏழும் என்ன?"

முதலாவதிலிருந்து சொன்னேன். ஆறாவது, விபசாரம் செய்யாதே என்று வந்ததும் நானா செருமிக்கொண்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

நுஸ்ரியா அசையவில்லை.

"ஏழாவது?" என்றாள்.