நாமினியாக உன் பெயர்

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அமீனுல்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தி பாயிஸாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி ருக்ஷானாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் தபாலில் எழுதுகிறேன், இதையாவது கடைசி வரை படி.

அத்தா மவுத்தாகி ஏழு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் நீ கூட இருந்தாய், பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று தெருவே சொன்னது, எனக்கும் மனம் குளிர்ந்தது. நான் இத்தாவில் இருந்தேன், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. ஒருநாள் காலையில் அத்தாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், எங்கே என்று கேட்டதற்கு, "ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்துர்றம்மா" என்றாய். நம்பினேன். இத்தா முடிந்ததும் ருக்ஷானாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். பங்குனியில் வெள்ளிமலையிலிருந்து புளி இறங்கும், அதை வாங்க அத்தாவின் டெபாசிட்டை எடுக்கலாம் என்றுதான் போனோம். தன்னைப் புருஷன் விட்டுப் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அந்தப் புளிக்கடையில் அத்தாவோடு நின்றவள் அவள்தானே. கவுண்டரில் இருந்த மணிமொழி என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க புள்ளதான் நாமினி, அவரு வாங்கிக்கினு போய்ட்டாரேம்மா" என்றது. ருக்ஷானா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்து நிதானமாகச் சொன்னது. "நாமினின்னா பணத்த வாங்குற கை மட்டுந்தாம்மா. அவருகிட்ட குடுத்தா எங்க பொறுப்பு முடிஞ்சுது. ஆனா பணம் வாரிசுங்களுது, அவரு டிரஸ்டி மாதிரி வெச்சிருந்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கணும்" என்றது. நாம் அதை அமானிதம் என்போம். உனக்கு அமீன் என்று பேர் வைத்த அன்று அதற்கு நம்பிக்கையானவன் என்று அர்த்தம் என வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் போனில் நீ என்ன சொன்னாய்? "அத்தா என் பேரத்தான எழுதிக்கிறாரு, அப்ப எனுக்குத்தான். நீ இன்னாத்துக்கு பேங்குக்கெல்லாம் போய்க்கினு கீற" என்றாய். அந்தப் பேரை எழுதும்போது நீ ஊரில் இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன். ருக்ஷானா பேரைப் போடக் கூடாதா என்று கேட்டேன். "யார் பேரப் போட்டா இன்னா, அவன் வாங்கி ஒனக்கும் அவுளுக்கும் குடுக்க மாட்டானா" என்று சிரித்தார். பெண்டாட்டி நான் போய்க் கேட்டாலும் பேங்கில் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டேன். எனக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தை மூன்றாகப் போட்டால் உனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. மார்க்கமே உனக்குத்தான் ஜாஸ்தி கொடுத்திருக்கிறது. அது போதாமல் அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாய்.

மலைக்காரர்கள் இரண்டு வாரம் நமக்காகப் புளியை வைத்திருந்து பார்த்துவிட்டு வேறு மண்டியில் போட்டுவிட்டார்கள். கடைச் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டோம். ருக்ஷானா இப்போது ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள், உட்கார விடுவதில்லை, ராத்திரி கால் வீங்கி வருகிறாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. போன வாரம் ராஜாங்கம் வக்கீலிடம் போனோம். உனக்கு அனுப்பும் நோட்டீஸில் இவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "அண்ணன் மேல நான் போட மாட்டன் சார்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் எடுத்துப் போட்டேன். ஒரு வாரிசு கேட்டாலே எல்லார் பங்கையும் பிரித்தாக வேண்டுமாம்.

நீயும் அங்கே கம்பெனியில் நாமினி பேர் எழுதிக் கொடுத்திருப்பாய். யார் பேரை எழுதினாய், யார் யாருக்காக எழுதினாய் என்பதை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொல்லி வை. அத்தா அதைச் செய்யாமல் போனார். வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலையாதே. அல்லாஹ் உனக்கு ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்தும், உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளும் தரட்டும்.

மறக்காமல் ஒன்று செய். நோட்டீஸ் தமிழில்தான் இருக்கும், வந்ததும் நீயே வாங்கிப் பிரி. பாயிஸா இப்போது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தாய். ஆயா என் பேரும் அவள் அத்தா உன் பேரும் எதிரெதிரே நிற்பதை அந்தக் குழந்தை படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
நூர்ஜகான்