விவாகமாகாதவர்கள்

தண்ணீரூற்று
03.06.2024

கமலாட்சிக்கு,

நீ சுகமாய்த்தான் இருப்பாய். தங்கச்சி வீட்டில உனக்கென்ன குறை? நான் போன் எடுத்தால் வைக்கிறாய். மகளின்ர போனில எடுத்தாலும் என்ர குரல் கேட்ட உடன வைக்கிறாய். அதாலதான் இந்த வயசில உனக்குக் கடிதம் எழுத வேண்டிக் கிடக்கு.

நான் என்ன பிழையாய்ச் சொல்லிப்போட்டன்? எனக்குப் பிறகு காணிக்கு உன்ர பேரைப் போட விவாகப் பதிவு இருக்கோ எண்டு காணிக் கந்தோரில கேட்டினம். இல்லை எண்டு சொன்னன். எண்பத்து மூண்டில கலவரத்துக்கு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, வவுனியாவில ஒரு அம்மன் கோயிலடியில மஞ்சள் கயிறு கட்டின ஆக்களுக்கு ஆர் பதிவெழுதினது? உள்ளதைச் சொன்னதுக்கு எழும்பிப் போய் நெடுங்கேணி பஸ்ஸில ஏறுறதோ? கந்தோர் வாசலில உன்ர குடையையும் பிடிச்சுக்கொண்டு விசரன் மாதிரி நிண்டனான்.

போனது போகட்டும். இப்ப பதிவைச் செய்வம். உன்ர பிறப்புப் பத்திரம் வேணும். அலுமாரியெல்லாம் கிளறிப்போட்டன், காணேல்லை. எங்க வைச்சிருக்கிறாய்? உன்ர ஆடும் பால் கறக்க என்னைக் கிட்ட விடுதில்லை. அதுவும் உன்ர பக்கம்தான்.

இப்படிக்கு,
பழனியாண்டி


நெடுங்கேணி
08.06.2024

தயாளினியின்ர அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. போனில எண்டால் நீங்கள் கத்துவீங்கள், எனக்கு வாயில ஒண்டும் வராது. கடிதத்தில கத்த ஏலாதுதானே. இப்பிடியே எழுதுங்கோ.

நீங்கள் "பதிவு இல்லை" எண்டு சொல்லேல்லை. நான் பக்கத்துக் கதிரையில இருந்தனான். கந்தோர்க்காரர் கேட்டவர், "ஐயா, இவா உங்கட மனுசியோ?" எண்டு. நீங்கள் சொன்னீங்கள், "கலியாணம் முடிக்கேல்லை சேர், இவ என்னோட இருக்கிறவ." வரிசையில நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்துது.

இருக்கிறவ. நான் என்ன வாடகைக்கோ இருக்கிறன்? உங்களுக்கு மூண்டு பிள்ளை பெத்தவள். கடைசிப் பிள்ளையைச் சண்டைக்குள்ள மாத்தளனில மண்ணுக்குள்ள வைச்சிட்டு உங்களோட நடந்து வந்தவள்.

பிறப்புப் பத்திரம் என்ர கைப்பையில கிடந்தது. இத்தோட அனுப்பிறன். அதில என்ர பேர் காமாட்சி. தோட்டத்துக் கிளாக்கர் தன்ர எண்ணத்துக்கு எழுதினது. அடையாள அட்டையில கமலாட்சி. அதையும் நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ. நான் வரமாட்டன். இங்க கச்சான் கடலை புடுங்கப் போறன், சும்மா இருக்கேல்லை.

ஆட்டுக்கு முதலில கஞ்சித்தண்ணி வைச்சிட்டுப் பிறகு கிட்டப் போங்கோ.

கமலாட்சி


தண்ணீரூற்று
17.06.2024

கமலாட்சிக்கு,

உன்ர பத்திரத்தைக் கொண்டு நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

இங்கத்தப் பதிவாளர் ஒரு இளந்தாரி. காமாட்சியும் கமலாட்சியும் ஓராள்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டான். சமாதான நீதவானிட்டப் போனால் அவர் கலியாண வீட்டுக்குப் போட்டாராம். அடுத்த நாள் போனால் முத்திரை முடிஞ்சுதாம். திரும்பவும் அலைஞ்சு சத்தியக் கடதாசி வாங்கிக்கொண்டு, பக்கத்து வளவுப் பரமலிங்கத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

பெடியன் படிவத்தை நிரப்பினான். என்ர பேருக்கு நேரே "விவாகமாகாதவர்" எண்டு எழுதினான்.

"தம்பி, என்ர பேத்தி ஓ.எல். படிக்கிறாள்" எண்டன்.

"அப்ப விவாகப் பத்திரத்தைக் காட்டுங்கோ."

"அது இல்லாதபடியால்தானே ராசா வந்தனான்!"

"அப்ப விவாகமாகாதவர்தான்."

பரமலிங்கம் வெளியில போய்ச் சிரிச்சிட்டு வந்தான். எனக்கு அந்தச் சொல்லைப் பாக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. அதை விடு.

பிறகு பொம்பிளை எங்க எண்டு கேட்டான். நெடுங்கேணி எண்டன். அப்ப நீயும் அங்கத்தப் பதிவாளரிட்டத் தனியாய் அறிவித்தல் குடுக்க வேணுமாம். நீ வீட்டில இருந்திருந்தால் ஒண்டோட முடிஞ்சிருக்கும்! இந்தக் கிழமைக்குள்ள போய்க் குடு.

நான் சும்மா அவசரப்படேல்லை. போன மாசம் கிளினிக்கில நெஞ்சைச் சோதிச்சுப்போட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவை. எனக்கு ஒண்டு நடந்தால் ஆரெல்லாமோ உரிமை எண்டு காணியில வந்து நிப்பாங்கள். உன்னட்டக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

பழனியாண்டி


நெடுங்கேணி
22.06.2024

தயாளினியின்ர அப்பாவுக்கு,

நெஞ்சு வருத்தத்தைக் கடிதத்தின்ர அடியில எழுதிற ஆளை நான் இப்பதான் பாக்கிறன். போன மாசம் நான் வீட்டிலதானே இருந்தனான். வாயைத் திறந்து சொன்னால் என்ன? யாழ்ப்பாணம் எப்ப போறீங்கள்? காணியை விட்டிட்டு அதுக்குப் பதில் எழுதுங்கோ.

நான் தங்கச்சி நாகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிட்டப் போனனான். இங்க வயசான மனுசன். எல்லாம் நிரப்பிப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு கேட்டார், "அம்மா, இந்த விவாகத்துக்கு உங்களுக்கு முழுச் சம்மதமோ? ஒருத்தரும் வற்புறுத்தேல்லையே?"

நாகேஸ்வரி சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

எண்பத்து மூண்டில லொறி வவுனியாவில நிண்ட கையோட அப்பா என்னை எழுப்பி முகம் கழுவச் சொன்னவர். வயசுப் பெட்டையை முகாமில வைச்சிருக்கப் பயந்து, அதே லொறியில வந்த உங்களுக்குக் கட்டிவைச்சவர். உங்கட பேரே எனக்குக் கோயிலடியிலதான் தெரிஞ்சது. அப்ப ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. பிறகும் கேக்கேல்லை. இப்ப முன்பின் தெரியாத மனுசன் கேக்கிறார்.

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா" எண்டன். அவர் பேனையை மூடி வைச்சார். கையெழுத்து வைக்காமல் வந்திட்டன்.

இதைக் கோவத்தில எழுதேல்லை.

கமலாட்சி


தண்ணீரூற்று
27.06.2024

கமலாட்சிக்கு,

நாற்பது வருசத்துக்குப் பிறகு யோசிக்கிறாவாம்! நான் சத்தியக் கடதாசிக்கு நாய் மாதிரி அலைய, அங்க அவா பேனையை மூட வைச்சிட்டு வாறாவாம்!

உன்ர கடிதத்தைக் கிழிச்செறிஞ்சனான். பிறகு பொறுக்கி ஒட்டித் திருப்பி வாசிச்சன். பரமலிங்கத்திட்ட இது நியாயமோ எண்டு கேட்டன். "அவவிட்டக் கேக்க வேண்டியதை ஏன் என்னட்டக் கேக்கிறாய்?" எண்டான். அவனோடயும் இப்ப கதையில்லை.

எனக்கும் அப்ப இருபத்திரண்டு வயசுதான். உன்ர அப்பா என்ர கையைப் பிடிச்சு அழுதார். உன்னட்டக் கேக்க எனக்குப் பயமாய் இருந்தது. இல்லை எண்டு சொன்னால் நான் எங்க போறது? எனக்கெண்டு அந்த லொறியில ஒருத்தரும் இல்லை. பிறகு பிள்ளையள் வந்திட்டுதுகள். அதுக்குப் பிறகு கேட்டால் நீயே என்னை விசரன் எண்டிருப்பாய்.

காணிக் கந்தோரில பொய் சொன்னால் காணியைப் பறிப்பாங்கள் எண்ட பயத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். நீ பக்கத்தில இருக்க அப்பிடிச் சொன்னது சரியில்லை.

சரி, கேக்கிறன். இதெல்லாம் எப்பிடி எழுதிறது எண்டு தெரியாது. கமலாட்சி, உனக்கு என்னை முடிக்க விருப்பமோ?

விருப்பம் இல்லாட்டில் இல்லை எண்டு எழுது. உன்ர பேரைக் காணியில போட வேற வழி இருக்கோ எண்டு நான் விசாரிக்கிறன். விருப்பம் எண்டால் கெதியாய்ச் சொல்லு. கந்தோர் கந்தோராய் நிண்டு எனக்குக் கால் உளையுது.

பழனியாண்டி


நெடுங்கேணி
02.07.2024

தயாளினியின்ர அப்பாவுக்கு,

ஓம்.

இண்டைக்குக் காலமை போய்க் கையெழுத்து வைச்சிட்டன். அந்த மனுசன் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டவர். "அவர் என்னைக் கேட்டு எழுதியிருக்கிறார் ஐயா. நான் ஓம் எண்டு பதில் போடப்போறன்" எண்டன். அவர் ஒண்டும் விளங்காமல் நாகேஸ்வரியைப் பாத்தார்.

அறிவித்தல் ரெண்டு கிழமை கிடக்க வேணுமாம். அது முடியுமட்டும் நான் இங்கதான். நடுவில வீட்டுக்கு வந்தால் விலாசம் மாறிப்போச்சு எண்டு உங்கட இளந்தாரி இன்னொரு படிவத்தை நீட்டுவான்.

யாழ்ப்பாணம் எப்ப எண்டு நான் கேட்டதுக்கு நீங்கள் பதில் எழுதேல்லை. அதால நானே சொல்லுறன். வாற திங்கட்கிழமை போறம். காலமை முதல் பஸ்ஸில பரந்தனுக்கு வாங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமையே அங்க தயாளினி வீட்டுக்கு வந்திடுவன், சந்தியில நிப்பன். பிந்தி வந்து என்னை வெயிலில காயவிட வேண்டாம்.

இரத்தம் எடுத்தாலும் எடுப்பினம், ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ. புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு வாறன். டொக்டரைப் பாத்த பிறகு அங்கயே எங்கயும் நிழலில இருந்து சாப்பிடுவம்.

கமலாட்சி