ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டிக்குப் போன ராத்தாவுக்கு

என் கண்ணான ராத்தாவுக்கு,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் உங்கள் வெள்ளை டியூட்டிச் சப்பாத்தை இப்போது நான்தான் போடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, தாடி நரைத்தவன், கலியாண வீடுகளில் மைக் பிடித்துக் கல்முனையையே சிரிக்கவைக்கிறவன். சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிக்கால் பாதி வெளியே நிற்க, உங்கள் வீட்டுப் பக்கத்துச் சீமெந்துப் பாதையில் டக் டக் என்று நடக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமி கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, அளவு கொஞ்சம் சின்னனோ?"

"சப்பாத்து சரிதான் மாமி. கால்தான் பெரிசாப் போச்சு."

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். கதை இந்நேரம் சாய்ந்தமருது தாண்டியிருக்கும். ஊர்க் கதையெல்லாம் அள்ளித் திரிந்தவன் நான். இப்போது நானே கதை.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். உம்மாவுக்குச் சோறு இறங்கத்தான்.

உடுப்புக் காயப்போட்ட இடத்திலேயே விழுந்து நீங்கள் மௌத்தாகிப்போன அன்று, உம்மாவுக்குச் சொன்னோம். நெஞ்சில் அடித்து அழுதார். மறுநாள் சுபஹுக்கு எழும்பி, "மூத்தவள் எங்க?" என்று கேட்டார். திரும்பவும் சொன்னோம். புதிதாகக் கேட்பவர்போல் திரும்பவும் அழுதார். உம்மாவின் ஞாபகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? காலையில் வைத்ததைப் பகலுக்குள் தொலைத்துவிடும். உங்களை மட்டும் தொலைக்கவில்லை. அடுத்த நாள் உம்மா வாயைத் திறக்குமுன்னமே தங்கச்சி ரிஸானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காக்கா, இனி என்னால ஏலா. ஒவ்வொரு நாளும் ராத்தாவ மௌத்தாக்க ஏலா."

அப்போது என் வாயில் வந்ததுதான்: "ராத்தா டியூட்டிக்குப் போயிருக்கா உம்மா."

உம்மா உடனே நம்பிவிட்டார். நம்பாமல் என்ன? எங்கள் ஆயுள் முழுக்க நீங்கள் அங்கேதானே போயிருந்தீர்கள்! நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை படியேறுவார். வாப்பா இல்லாத வீட்டில் ரிஸானாவுக்காக அந்த வீட்டை எழுப்பியது நீங்கள். எழுப்பிவிட்டுப் பின்பக்க அறையில் ஒதுங்கிக்கொண்டீர்கள். உங்களுக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம், "இந்த மாசம் எனக்கு நைட்" என்று திருப்பி அனுப்பினீர்கள். நான் அதை மைக்கில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். எந்த மாதம்தான் உங்களுக்கு நைட் இல்லாமல் இருந்தது?

பொய்யை நம்பினாலும் சோற்றை உம்மா தொடவில்லை. "அவள் வரட்டும்" என்று பீங்கானைத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரி அழுக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீங்கள் ஒருநாளும் முன்வாசலால் ஏறியதில்லை. உம்மாவின் ஜன்னலோரம் சுற்றிப் பின்பக்கக் குழாயடிக்குப் போய், கைகால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் பிள்ளைகளைக்கூடக் கிட்ட விடுவீர்கள். ஜன்னலைக் கடக்கும் அந்தச் சப்பாத்துச் சத்தம் உம்மாவுக்குச் சாப்பாட்டு மணி. அது அடிக்கவில்லை. உம்மா பாயோடு பாயாக மெலிந்துகொண்டே போனார்.

நான் முதன்முதல் நடந்த அன்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டாள். சோத்தப் போடு புள்ள."

நான் குழாயடியில் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கொசுதான் வந்தது.

உங்களை அடக்கிவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள் ஞாபகமிருக்கிறதா? ஊசி போட்ட விறைப்போடு நான் பகிடி விட்டுக்கொண்டு வர, நீங்கள் ஏசினீர்கள். "கதைக்காத. கன்னத்தக் கடிச்சிருவாய். இப்ப நோகாது. விறைப்பு இறங்கினாப் பிறகுதான் தெரியும்." எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று நான் கேட்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

போன ஞாயிறு பகல், பாண்டிருப்பிலிருந்து தங்கமலர் மிஸ்ஸி வந்தார், உங்களோடு நர்ஸாக வேலைசெய்தவர். கையில் மாம்பழப் பை. நான் ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதற்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ரகசியமாக விளக்கம் சொன்னேன். "உம்மாவப் பொறுத்தமட்டில ராத்தா டியூட்டியில மிஸ்ஸி."

"இண்டைக்கா? இண்டைக்கு ஞாயிறுதானே!"

"ஓம். ஞாயிறும் போறவதானே."

"கிளினிக்குக்கு மாறினாப் பிறகு அவவுக்கு ஞாயிறு லீவு தம்பி. உங்களுக்குத் தெரியாதா?"

நான் மாம்பழப் பையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "யூனிஃபோம் போட்டுக்கொண்டு போவாவே."

"எங்கட வீட்டுக்குத்தான் வருவா. சப்பாத்தக் கழட்டி வெச்சிட்டு, ஃபேனப் போட்டுட்டுப் படுப்பா. பின்னேரம் நான்தான் எழுப்பி அனுப்புறது. வீட்டில படுத்தா ஆராவது கூப்பிடுவாங்க தங்கம் எண்டு சொல்லுவா."

ராத்தா, யார் வீட்டில் என்ன கறி, எந்த மாப்பிள்ளை மாமியாரோடு கோபித்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் பஸ் ஏறினான், எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் வாரத்துக்கு ஒரு பகல் தூங்கப் போனது தெரியாது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தூங்க விட்டிருப்போமா? யாராவது பிரஷர் பார்க்க வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். உம்மா கூப்பிட்டிருப்பார். நான் தும்மினாலும் உங்களிடம்தானே வருகிறவன்.

மிஸ்ஸி போன பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உம்மாவிடம் போனேன்.

"அவள் வந்துட்டாளா மனே?"

டியூட்டி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ராத்தா நித்திரை கொள்ளுறா உம்மா."

உம்மா பின்பக்க அறைப் பக்கமாகத் தலையைத் திருப்பினார். ரிஸானா வாசலில் பீங்கானோடு அசையாமல் நின்றாள்.

"எழுப்பாத. பாவம், படுக்கட்டும்" என்றார் உம்மா. "எழும்பி மறுகா சாப்பிடுவாள். எனக்குச் சோத்தப் போடச் சொல்லு."

சப்பாத்துச் சத்தம் இல்லாமல், முதல் தடவையாக, பீங்கானை வழித்துச் சாப்பிட்டார்.

சப்பாத்துக்கு வெள்ளை பூசி உங்கள் கட்டிலின் கீழே வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் உம்மாவுக்குத் தேவைப்பட்டால் நடப்பேன். மாமி சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஞாயிறுகளில் அந்தப் பாதையில் ஒருவரையும் நடக்க விடமாட்டேன். உங்களைக் கூப்பிட யார் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் சப்பாத்துக்குள் அடங்காத காலுள்ள தம்பி.

போகும்போது மிஸ்ஸி இன்னொன்றும் சொன்னார். நீங்கள் தெருவுக்குக் கேட்கக் குறட்டை விடுவீர்களாம். ரிஸானாவிடம் கேட்டேன், உம்மாவிடமும் கேட்டேன். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை.