பட்டியலில் விட்டுப்போன நாடு

3 மார்ச்

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை, வேலையாக எழுதுகிறேன். எங்கள் பதிப்பகம் போடும் ஆறாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் 'ஈயம்' பாடம், பாத்திரத்துக்குப் பூசுவோமே அதுதான், என் தலையில் விழுந்திருக்கிறது. எந்த நாடு எவ்வளவு தோண்டுகிறது என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன். ஈயச் சுரங்கத்தில் குப்பை கொட்டுகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. போன பாடத்திலேயே ஒரு மலையை இடம் மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தப்பு வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

அப்பா இறந்தபோது நீ வராததை நான் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

அக்கா

14 மார்ச்

அன்புள்ள அக்கா,

ஆறு வருடம் கழித்து உன் கையெழுத்து! கவரை நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

நான் இருக்கும் நாடு உன் பட்டியலில் இல்லவே இல்லை. "என்னை இப்படியா கழட்டி விடுவ?" என்று சுருக்கென்றது. அப்புறம் எண்ணிக்கையைப் பார்த்தால் சிரிப்பு தாங்கவில்லை. மொத்தம் நாற்பத்தைந்து லட்சம் டன்னா! அக்கா, நீ போட்டிருப்பது காரீயம், பேட்டரிக்குள் போவது. பாத்திரத்துக்குப் பூசுவதும் நாங்கள் தோண்டுவதும் வெள்ளீயம், கம்பிகளைப் பற்றவைக்க உருக்குவது. வீட்டில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லி வளர்ந்தோமே, அந்த வினை. வெள்ளீயம் உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் டன்தான். ஆஸ்திரேலியாவை இரண்டாம் இடத்திலிருந்து இறக்கு. சீனா, இந்தோனேசியா, மியான்மர், பெரு, பொலிவியா எல்லாம் முன்னால் வரவேண்டும். முழுப் பட்டியலும் இத்துடன் இருக்கிறது. நானும் ஒரு மூலையில் இருக்கிறேன்.

அப்பா இறந்த அன்று இங்கே வெள்ளம் சுரங்கச் சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. போகட்டும். இப்போது என்னிடம் கேட்டாயே, அதற்கே நன்றி.

உன் தம்பி

27 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

வயிற்றில் பாலை வார்த்தாய். பக்கம் திருந்திவிட்டது, வேலையும் தப்பியது. பிரிக்காமலே போட்டு வைத்திருந்த உன் பழைய கடிதத்தையும் படித்தேன். பாவி நான், அன்றே படித்திருக்கலாம்.

தலைமைப் பதிப்பாசிரியரிடம், "தப்பு என்னுது மேடம். என் தம்பிதான் கண்டுபிடிச்சான்" என்றேன். அவர் திட்டவில்லை. "அஞ்சு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கோம். உங்களுக்குத் தம்பி இருக்கானா?" என்று கேட்டார்.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்ட எல்லோரிடமும் நான் ஒருத்திதான் என்றே சொல்லியிருக்கிறேன், தம்பி.

"இருக்கான் மேடம்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயங்காலம் வரை உன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா