சேவைக்கு மட்டும் லீவு

அம்மாவுக்கு உன் மகள் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் வலது கை இன்னும் அசையவில்லையா? நான் நலம், கவலைப்படாதே.

போன வாரம் கம்பெனியில் எங்களைப் போன்ற இளசுகளை முதியோர் இல்லத்துக்குச் சேவை செய்யக் கூட்டிப்போனார்கள். நான் ஒரு பெரியவருக்கு நகம் வெட்டினேன்; அதைப் படம் எடுத்தார்கள். புது ஆட்களைச் சேர்க்கும் விளம்பரத்தில் இப்போது அந்தப் படம்தான். நானே கதாநாயகி!

அப்பாவைப் பார்க்க மேனேஜரிடம் லீவு கேட்டேன். "வீட்டுக்குன்னா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகணும்மா. சேவைன்னா மூணு நாள், சம்பளத்தோட எங்க வேணும்னாலும் போ" என்றார்.

அம்மா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். நம் ஊர் முதியோர் இல்லத்தில், சேவைக்கு ஆள் வேண்டும் என்று சீல் போட்டு ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. அவர்கள் மாட்டோம் என்றால் அழுதாவது வாங்கு. கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது யார் நகம் வெட்டுகிறார்கள்?