பனியில் நின்ற படகும் ஒரு தீப்பெட்டியும்

ஹமினா
மே 18, 1981

அன்புள்ள மகள் ரைலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பா கோலூன்றிக்கொண்டு நலம், நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம், ஏன் என்று மேலே படித்தால் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளை யோர்மாவும் என் தங்கம் மின்னாவும் அந்த வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? மாப்பிள்ளை சுரங்கத்திலிருந்து வந்தால் இருமிக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய், அதை அப்படியே விடாதே, டாக்டரிடம் நீயே இழுத்துக்கொண்டு போ, ஆண்பிள்ளைகள் தாங்களாகப் போகமாட்டார்கள், உன் அப்பாவோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன். மின்னாவுக்குப் பின்னி அனுப்பிய கையுறை வந்து சேர்ந்ததா? ஆஸ்திரேலியாவில் கையுறையை வைத்து என்ன செய்வது என்று சிரித்திருப்பாய், ஜூன் மாதம் இங்கே வரும்போது கடல் காற்று எப்படிக் கடிக்கும் என்பது உனக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது.

நம் படகைப் பற்றி இத்தனை மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். செப்டம்பரில் அப்பா நம் நீராவிக் குளியல் சவுனாவின் கூரையிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும், அடுத்து நடந்தது தெரியாது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள், படகைக் கரையேற்ற கிரேன் வர இரண்டே வாரம், அப்பா கட்டிலில் படுத்தபடியே, "படகை தவுனோவுக்குக் குடுத்துடலாம் எல்வி, அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான், குளிர்காலம் முழுக்க வெளியில நிக்கிற படகைக் காப்பாத்தறது உன்னால ஆகாது" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. படகு போனால் தீவுக்கு எப்படிப் போவது, தீவில் இருக்கும் குடிசை எதற்கு, பிறந்ததிலிருந்து கடலையே பார்க்காத பேத்தியை நடுக்கோடைத் திருநாளன்று எங்கே கூட்டிப்போவது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "நானே மூடி வைக்கிறேன், வசந்தத்துல உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்லேன்னா விக்கக்கூடாது, சம்மதமா?" என்று. அப்பா சிரித்தார். "தீப்பெட்டி ஒண்ணை உள்ள வச்சுட்டு வா, மே மாசம் நான் ஒரே ஒரு தடவை உரசுவேன், பத்துச்சுன்னா படகு நம்மோடது, பத்தலேன்னா தவுனோவோடது" என்றார். அதற்காகவே புதுப் பெட்டி வாங்கிப் படகின் உள்ளே படுக்கைப் பலகைமேல் வைத்தேன்.

கரையேற்றும் நாளில்தான் எல்லோரும் சேர்ந்து கைகொடுப்பார்கள், மூடுவது அவரவர் பாடு, அடுத்தவர் படகை யாரும் தொடமாட்டார்கள், அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. படகு அடிக்கட்டைகளின்மேல் உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இயந்திரத்திலிருந்த தண்ணீரை வடித்தேன், மழை பெய்தால் உள்ளே தங்கி உறையாமல் ஓடிவிட அடித்துளையின் பித்தளை அடைப்பானைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டினேன். அதன்பிறகு தார்ப்பாய். எல்லோரும் பாயைத் தட்டையாக விரித்து, நாலு பக்கமும் காற்று புகாமல் பொட்டலம் மாதிரி மூடி, கயிற்றை அந்த முட்டுகளிலேயே இழுத்துக் கட்டுவார்கள், அப்பாவும் இத்தனை வருஷம் அதைத்தான் செய்தார். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கடல் காற்றில் படுக்கை விரிப்பு உலர்த்தியவள். காற்று துணியைப் பிடித்தால் துணியை மட்டும் விடாது, அதைக் கட்டியிருக்கும் கம்பத்தையும் சேர்த்துப் பிடுங்கும், மூடிக் கட்டிய துணி உலரவும் உலராது. அதனால் பாயைத் தாங்கும் முகட்டுக் கம்பை ஆள் உயரத்துக்கு ஏற்றிச் செங்குத்தாகச் சரிவு வைத்தேன், பாயின் இரண்டு முனைகளையும் திறந்தே விட்டேன், கயிற்றைப் படகின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு கட்டினேன், ஓரமெல்லாம் மணல் பைகளைத் தொங்கவிட்டேன். அந்தப் பைகள் சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட விரிப்புகளில் தைத்தவை, ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரி முத்திரை நீலமாகத் தெரிந்தது. படகுத்துறைக்குத் தலைவராக இருக்கும் நம் தவுனோ மாமா சும்மா இருப்பாரா? "என்ன எல்வி, படகுக்கு ஆபரேஷனா? வீடு கட்டிட்டுக் கதவு வைக்க மறந்துட்டியே, நரி குடும்பத்தோட குடி வந்துடப்போகுது" என்றார், நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "வாடகை வாங்கிக்கறேன்" என்றேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது, மூன்றாம் நாள் தெற்கிலிருந்து அடித்த காற்றில் நம் தபால்பெட்டியே பறந்துபோய்விட்டது. அடங்கினதும் காலையில் துடைப்பத்தையும் மண்வாரியையும் எடுத்துக்கொண்டு பனிச் சறுக்கு வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே துறைக்குப் போனேன். நம் படகு வைத்தது வைத்தபடி நின்றது. சரிவில் பனி தங்கவே இல்லை, இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது, மணல் பைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தவுனோ மாமாவின் படகு சாய்ந்து கிடந்தது. பனியின் பாரத்தில் பாய் தொட்டிபோல் தொங்கி, கம்பு ஒடிந்து, காற்று பாயை இழுத்த இழுப்பில் கயிறு முட்டுக்கட்டைகளையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறது, ஒரு பக்கத்துப் பலகை பிளந்துபோயிருந்தது. அவர் அங்கேதான் நின்றிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது, இல்லை என்று சொன்னால் பொய். அப்புறம் வழக்கமாவது மண்ணாவது என்று மண்வாரியை எடுத்து அவர் படகின்மேல் இருந்த பனியைத் தள்ள ஆரம்பித்தேன். மத்தியானம்வரை இரண்டு பேரும் வேலை செய்து மரத்தை முட்டுக் கொடுத்துப் படகை நிமிர்த்தினோம். போகும்போது, "அந்தப் பையெல்லாம் எப்படித் தைச்சே?" என்று மட்டும் கேட்டார்.

போன சனிக்கிழமை கடலில் இறக்கும் நாள். அப்பாவைக் கூப்பிட்டேன், "கோலை வச்சுக்கிட்டு அங்க வந்து வேடிக்கைப் பொருளா நிக்க முடியாது, தீப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவா" என்று சொல்லிவிட்டு வானொலி பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்று தனியாகவே போனேன். பாயை அவிழ்த்தபோது உள்ளிருந்து மர வாசனைதான் வந்தது, பூஞ்சை வாசனை இல்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரேன் கொக்கியை மாட்டியாயிற்று, படகு அந்தரத்தில் தொங்கியது, தவுனோ மாமா, "அடைப்பான் போட்டாச்சா?" என்று கத்தினார். பையில் கைவிட்டேன். இல்லை. சமையலறை ஆணியில் ஏழு மாதமாகத் தினம் பார்த்த அடைப்பானை அன்றைக்குப் பார்த்து எடுக்காமல் வந்திருக்கிறேன்! கிரேன்காரன் ஒலிப்பானை அமுக்குகிறான், பின்னால் பதினாலு படகு காத்திருக்கிறது, "இறக்கி ஓரமா வைங்க, அடுத்தது வரட்டும், அவங்களுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று யாரோ சொல்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றிவிட்டு ஒரு கட்டைவிரல் அளவு பித்தளைக்காக அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அப்போது எல்லோரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். அப்பா வந்துகொண்டிருந்தார். வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் கோல், இன்னொரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. உள்ளங்கையில் அடைப்பான். "ஆணியில தொங்குது, பாத்தேன்" என்றார்.

அவரே குனிந்து திருகினார், குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், யார் கேட்பது. படகு தண்ணீரில் உட்கார்ந்தது. நான் உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். தவுனோ மாமா, கிரேன்காரன், எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள்போல் சுற்றி நின்றார்கள். அப்பா ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உரசினார். ஒரே உரசல் ரைலி, சர்ரென்று பற்றியது! கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நம் ஊரில் யாருக்காவது கைதட்டி நீ பார்த்திருக்கிறாயா? அப்பா விரல் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்து, "அடுத்த வருஷமும் பாயை நீயே கட்டு" என்றார். தவுனோ மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்னோடதையும் வந்து பாரு எல்வி" என்றார். அக்டோபருக்குள் நாற்பது மணல் பை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மின்னா வரலாம், படகு காத்திருக்கிறது. பெட்டியில் மீதிக் குச்சிகள் அப்படியே இருக்கின்றன, திருநாளன்று தீவில் மூட்டும் நடுக்கோடை நெருப்பை அவள்தான் பற்றவைக்க வேண்டும், அவளிடம் இப்போதே சொல்லிவை. நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் நீங்கள் மூவரும் வந்து சேர ஆண்டவன் துணையிருக்கட்டும். ரப்பர் பூட்ஸ் கொண்டுவர மறக்காதே, மாப்பிள்ளையின் இருமலை மறக்கவே மறக்காதே.

கடிதத்தின் மடிப்பில் ஒரு கருகிய குச்சி இருக்கும், குப்பை என்று எறிந்துவிடாதே. அன்றைக்கு அப்பா அதைத் தண்ணீரில் எறிந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன், நேற்று துவைக்க எடுத்தபோது அவர் சட்டைப்பையில், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது. அப்பா தேடிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டால் தெரியாது என்று சொல்லப்போகிறேன்.

உன் அம்மா,
எல்வி