பறிக்குள் வந்த மரக்கறி

வாப்பா,

அடுத்த வீட்டில் இன்று மாசிக் கருவாடு இடிக்கிறார்கள். நோன்பு வரப்போகிறது, சம்பலுக்கென்று இடித்துப் போத்தலில் நிரப்பி வைக்கிறார்கள் போலும். உரல் சத்தத்தோடு அந்தக் காய்ந்த மீன் மணமும் மதிலைத் தாண்டி வந்தது. இப்போதெல்லாம் அது என்னை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்த மணத்துக்குப் பயந்து நான் சோறில்லாமல் கிடந்ததும், அதற்காக நீங்கள் பட்ட பாடும் ஞாபகம் வந்தன. உங்களோடு கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருக்கிறது.

சூறாவளி அடித்ததற்கு மறு வருஷம், வாடைக்காற்று தொடங்கிய நாட்களில்தான் காக்கா, உங்கள் மூத்த பிள்ளை, மீனுக்குப் போன போட் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். காக்கா வரவில்லை. நீங்கள் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடினீர்கள், காற்று அடங்கும் மட்டும் தேடினீர்கள். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. கபுறு இல்லாத பிள்ளைக்கு வீட்டில் கத்தம் ஓதினோம்.

அது முடிந்து மறுபடி மீன் ஆக்கிய முதல் நாள், உம்மா என் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு பாரை மீனை வைத்தார். நான் அதைப் பிட்டேன். இந்த மீன் எங்கே மேய்ந்தது, எதைத் தின்று கொழுத்தது என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்தது. எழுந்து ஓடினேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

காய்ச்சல் என்றுதான் உம்மா முதலில் நினைத்தார். நான் தொடர்ந்து மறுக்கவும் அவருக்குக் கோபம் வந்தது.

"அல்லாஹ் ஹலாலாக்கினத நீ ஹராமெண்டு சொல்லப் போறியா? மீனத் திண்டு வளந்த உடம்புகா இது!"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நீங்கள் தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: "அவள் ஹராமெண்டு சொல்லல்ல. தொண்டைக்குள்ள இறங்குதில்ல. அது வேற கதை."

மீனோடு அது நின்றிருக்கலாம். அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வந்தபோது அதையும் என்னால் தொட முடியவில்லை. கோப்பையில் இருப்பது ஓர் உயிரின் உடம்பு என்று ஒரு தடவை தோன்றிவிட்டது. தோன்றியதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

விடுவது பெரிய காரியமாக இருக்கவில்லை, வாப்பா. விட்ட பிறகு எதைச் சாப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. நம் வீட்டில் மரக்கறி என்பது மீனுக்குத் துணையாக வருவது. பருப்பில் மாசி, சம்பலில் மாசி, முருங்கையிலைச் சுண்டலில் கூனி இறால். ஒவ்வொரு சட்டியையும் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடுவேன். சோற்றில் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுப் பிசைந்து தின்பேன். சில நேரம் வாழைப்பழமும் சீனியும். மெலிந்து போனேன். ஒருநாள் கிணற்றடியில் வாளியோடு மயங்கி விழுந்தேன்.

அன்று உம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக் கத்தினார். "ஒண்டக் கடலுக்குக் குடுத்திட்டன். இன்னொண்டப் பட்டினியில குடுக்கணுமா நான்?"

நீங்கள் வெளியே இறங்கிப் போனீர்கள். கோபித்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் கடற்கரையிலிருந்து வந்தபோது மீன் கொண்டுவரும் உங்கள் ஓலைப் பறி வழக்கம்போல் தோளில் தொங்கியது. உம்மா சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். நீங்கள் பறியைக் கவிழ்த்தீர்கள். கத்தரிக்காயும், பொன்னாங்காணிக் கட்டும், பூசணித் துண்டும், கடதாசிப் பையில் கட்டிய பயறும் விழுந்தன. எல்லாவற்றிலும் மீன் செதில் ஒட்டியிருந்தது. உம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். உங்களுக்குப் பின்னால் வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். காரைதீவிலிருந்து கீரை விற்கக் கடற்கரைக்கு வருகிற அக்கா. அவரையும் நீங்கள்தான் கையோடு கூட்டி வந்திருந்தீர்கள்.

"பறியக் கழுவுங்க அண்ணன், புள்ள எப்பிடித் திண்ணும்?" என்று அக்காவிடமிருந்து உங்களுக்குத்தான் முதல் ஏச்சு விழுந்தது. நீங்கள் பறியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனீர்கள்.

பிறகு அக்கா அடுப்படியில் என் பக்கத்தில் குந்தினார். "மாசி இல்லாட்டி ருசி வராதெண்டு ஆருகா சொன்ன? வெங்காயத்த நல்லாச் சிவக்க விடு தங்கச்சி. கடுகும் பெருஞ்சீரகமும் போட்டுக் கடைசியில பருப்பில கொட்டு. மணத்தப் பாரு. வெறும் சோறும் பாலும் திண்டா மயக்கம்தான் வரும். பருப்போ, பயறோ, கௌபியோ, ஒண்ட நாளும் சேத்துக்க. கீரைய விடாத."

உம்மா கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க்குப் பால் விட்டுக் கொதிக்கும்போது மெல்லக் கேட்டார்: "புளி எப்ப விடுற?" அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதிப் பசி தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் கல்முனைச் சந்தையிலிருந்து எனக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி வந்ததும் உம்மாதான். அதில் மீன் அகப்பை படக்கூடாது என்று வீட்டிலுள்ள மற்றவர்களை அதட்டியதும் அவர்தான்.

உம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் உங்கள் பகல் சோற்றை நான் கடற்கரையில் வலை வைக்கும் வாடிக்குக் கொண்டுவந்தேன். சோற்றைத் தந்துவிட்டுத் தம்பிமாருக்குப் பொறுக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் வாடிக்குப் பின்னால் தனியாக இருந்தீர்கள். பொரித்த மீன் துண்டைப் பக்கத்தில் இருந்த பூனைக்கு வைத்துவிட்டு, நான் ஓரமாக வைத்திருந்த பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் கை நின்றது.

"எப்ப தொட்டு வாப்பா?"

"அவன் போன நாள் தொட்டு."

வீட்டில் கேட்டால் 'வாடியில திண்டுட்டன்' என்று சொல்லிவிட்டு இரவில் ரொட்டியும் பிளேன்டீயுமாக நீங்கள் முடித்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"ஏன் சொல்லல்ல?"

"நீ விட்டா ஒரு புள்ள விட்டதோட போகும். மீன் புடிக்கிறவனே மீன விட்டானெண்டா, உன்ட உம்மா மறுகா எப்பிடி அடுப்பு மூட்டுவா? சின்னதுகள் எதத் திண்ணும்?"

"அப்ப கடலுக்குப் போறதயும் விடுங்களன் வாப்பா."

நீங்கள் கடலைத்தான் பார்த்தீர்கள். "அங்கதானே மகள் உன்ட காக்கா இரிக்கான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அந்தச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு உங்கள் சோற்றுக்கு அடியில் என் கறியை ஒளித்து வைப்பது என் வேலையாயிற்று.

இறக்காமத்திலிருந்து மாப்பிள்ளை பேச வந்தபோது உம்மா இதைச் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சினார். நீங்கள் கேட்கவில்லை. சீப்புப் பழமும் தேத்தண்ணியும் வைத்த கையோடு சொன்னீர்கள்: "என்ட மகள் மீனும் ஆக்குவா, இறைச்சியும் ஆக்குவா. திண்ணமாட்டா. அது கஷ்டமெண்டா இப்பவே சொல்லுங்க. தேத்தண்ணியக் குடிச்சிட்டுச் சந்தோசமாப் பிரிவம்."

மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வயல்காரன் மாமா. சோறு திண்ணுவாதானே? அது போதும்" என்றார். அறைக்குள் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என் சட்டியை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

பிறகு கலவரம் வந்து, ஊருக்கும் ஊருக்கும் இடையில் பாதை மூடிய நாட்கள் வந்தன. கீரைக்கார அக்கா வருவது நின்றுபோனது. நீங்கள் வீட்டு வளவு மணலில் மீன் குடலைப் புதைத்துக் கத்தரி நட்டீர்கள். "இதயும் மீனெண்டு சொல்லிப் போடாத" என்று பகிடி செய்தீர்கள். பாதை திறந்த கையோடு அக்காவைத் தேடிச் சைக்கிளில் காரைதீவுக்குப் போய்வந்தீர்கள். வந்து சொன்னது ஒரே வார்த்தைதான்: "இரிக்கா."

நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் உம்மா விளைமீன் சொதி வைத்துக் கொண்டுவந்தார். உடம்பு தேறும் என்று நம்பி வைத்தது. நான் தடுக்கப் பார்த்தேன். நீங்கள் கண்ணால் என்னை நிறுத்தினீர்கள். உம்மா கரண்டி கரண்டியாகத் தர, முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் குடித்தீர்கள். உம்மா வெறும் கோப்பையோடு சந்தோசமாகப் போனார். "உன்ட உம்மாட கையால வந்தது மகள்" என்றீர்கள்.

உங்களுக்குப் பிறகு உம்மா நெடுநாள் என்னோடுதான் இருந்தார். கடைசியில் நாக்கு ருசி கெட்டு எதைக் கொடுத்தாலும் தள்ளினார். ஒருநாள் நெத்தலி மீன் ஆணம் கேட்டார். ஆக்கினேன். உப்பு ஒரு கல் குறைந்தாலும் கூடினாலும் தொடமாட்டார். பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அகப்பையால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, பிஸ்மி சொல்லி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் குறைவாக இருந்தது. போட்டுக் கலக்கி மறுபடியும் பார்த்தேன்.

உம்மா அன்று ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டார், வாப்பா.